கணவாய்க்கு அந்தப் பக்கத்துக்காரி

மார்ச் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அன்றைக்கே சொன்னவன். உன் கல்யாணத்தன்று போட்டோ எடுக்கும்போது எல்லோரும் கேமராவைப் பார்க்க, மாப்பிள்ளை மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதே உன் அத்தையின் காதில் ஓதினேன். “இந்த ஆளு ஒரு நாள் வெளிய கிளம்பிருவாரு, பாத்துக்கோ.” “கை கழுவத்தான் கிளம்புவாரு, பேசாம நில்லுங்க” என்றாள். இன்றைக்கு யார் சொன்னது நடந்தது?

சுகம் விசாரிக்காமல் விஷயத்துக்குப் பாய்ந்துவிட்டேன். நீ சுகமா? பல்வலி போயிற்றா? இங்கே நானும் உன் அத்தையும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். என் தையல் மெஷின்தான் கொஞ்சம் இருமுகிறது.

மாப்பிள்ளை மாதம் தவறாமல் லீவு போட்டுவிட்டு, முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, தனியாக மலைக்குப் போகிறார் என்று போனில் அத்தையிடம் சொன்னாயாம். பாப்பா, நன்றாக யோசி. அவர் லிப்ட் மெக்கானிக். ஒரு மாடிகூட நடந்து ஏறாதவர். உங்கள் வீட்டுக்கு நான் வந்தபோது என் பெட்டியைத் தூக்கச் சொன்னால், லிப்ட் வரட்டும் என்று நின்றவர். அவருக்கு மலையில் என்ன வேலை?

இப்போது கேள். போன வாரம் மலையிலிருந்து இறங்கி வந்தவர், ஜிப் போய்விட்டது என்று முதுகுப் பையை என் கடையில் கொடுத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினார். மலையடிவாரத்தில் இத்தனை வருடமாகப் பையும் கூடாரமும் தைக்கிறவன் நான். இந்த மலை ஏறுகிற முதுகுகளில் பாதி என் தையலைச் சுமந்துகொண்டுதான் ஏறுகின்றன. மனிதன் சொல்லாததைப் பை சொல்லிவிடும் என்பது என் கட்சி. அதனால் இடுப்புப் பட்டையைப் பார்த்தேன். பக்கிள் இறுக்கிப் பிடிக்கிற இடத்தில் பட்டை நசுங்கி, பளபளவென்று ஒரு தடம் விழும். ஒரே ஆள் போடுகிற பையில் ஒரே தடம்தான் இருக்கும். இதில் இரண்டு. ஒன்று பெரிய இடுப்பு. இன்னொன்று நாலு விரல் உள்ளே தள்ளி, சின்ன இடுப்பு.

இதற்கு மேல் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் கடிதம் போடு. போன் வேண்டாம். போனை எடுப்பது உன் அத்தை.

உன் நல்லதைத் தவிர வேறெதையும் நினைக்காத
மாமா

*

மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். பல்வலி எனக்கில்லை, பெரியம்மா மகளுக்கு. அத்தையின் உடம்பு எப்படி இருக்கிறது?

அங்கே இந்த மாதம் குளிர் எப்படி என்றுதான் அத்தையிடம் கேட்டேன். அவருக்கு ஸ்வெட்டர் எடுத்து வைக்கலாமா என்று தெரிந்துகொள்ளக் கேட்டது. சந்தேகம் என்று ஒரு வார்த்தை நான் பேசவில்லை.

அந்தச் சின்னத் தடம் எவ்வளவு சின்னது?

இனி வீட்டு முகவரிக்கு எழுதாதீர்கள். நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எழுதுங்கள். முகவரி பின்னால் இருக்கிறது.

நீங்கள் எழுதிய பிறகு சிலது கண்ணில் படுகிறது. மலையிலிருந்து வந்தால் அவர் சீட்டியடிக்கிறார். கல்யாணமானதிலிருந்து எங்கள் சமையலறையில் சீட்டி அடித்தது குக்கர் மட்டும்தான். தன் காலுறைகளைத் தானே துவைத்துக்கொள்கிறார். போன முறை வந்ததும் கேட்டேன்.

“என்ன பாத்தீங்க?”

“மலை.”

“வேற?”

“வேற ஒரு மலை.”

அவ்வளவுதான் பேச்சு. பொய் சொல்கிறவர்கள் நீளமாகச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். இப்படிச் சுருக்கமாகவும் சொல்லலாம் போலிருக்கிறது.

ஒவ்வொரு விசேஷத்திலும் நீங்கள் அந்த மலையை ஏறி இறங்கிய கதையைக் கேட்டே வளர்ந்தவள் நான். அடுத்த மாதம் முதல் வாரம் அவர் மறுபடி வருகிறார். பையை வாங்க உங்கள் கடைக்குத்தான் வருவார். அவருக்குத் தெரியாமல் பின்னால் போய்ப் பார்க்க முடியுமா? அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
பாப்பா

*

ஏப்ரல் 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இதைப் படிக்கும்முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துகொள். நான் சுகம். உன் அத்தையும் சுகம், வாய் உட்பட.

போனேன். மாப்பிள்ளை பையை வாங்கிக்கொண்டு முன்னால் போக, நான் பாறைக்குப் பாறை பதுங்கிப் பின்னால் போனேன். நான் நடந்தால் இலைகூடத் திரும்பிப் பார்க்காது. பாதி வழியில் ஒரு கரடி எதிரே வந்தது. பழைய பழக்கம், ஒரு பார்வை பார்த்தேன், ஒதுங்கிப் போய்விட்டது. மரங்கள் முடிகிற இடத்தில் மலையேறுகிறவர்கள் தங்குகிற கல்வீடு ஒன்று இருக்கிறது. கீழ்க் கல்வீடு என்பார்கள். நீல நிறக் கதவு. கதவிடுக்கு வழியாக என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

மாப்பிள்ளை தனியாக இல்லை.

கழுத்தில் சிவப்புத் துணி சுற்றிய ஒருத்தி எதிரே உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். இவர் சிரித்தார். நம் வீட்டுக் கல்யாணத்தில் சிரிக்காத மனிதர், பாப்பா. அவள் இடுப்பைக் கவனித்தேன். அந்தச் சின்னத் தடத்துக்கு அளவெடுத்தது போலிருந்தது.

திரும்பி வந்ததும் உன் அத்தை என்னைக் குறுக்கு விசாரணை செய்தாள். “மலைக்குப் போனேன்றீங்க, செருப்புல ஒரு பொட்டு மண்ணு இல்லையே?” நான் நடக்கிற வேகத்துக்கு மண் எப்படி ஒட்டும்? இதெல்லாம் அவளுக்குப் புரியாது.

மனதைத் தளரவிடாதே. மாமா இருக்கிறேன். உடனே பதில் போடு.

உன் மாமா

*

மே 24

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தையும் நீங்களும் நலமா? உங்கள் ஏப்ரல் கடிதமும், அதற்குப் பின் “ஏன் பதில் இல்லை” என்று எழுதிய மூன்றும் வந்தன. 

அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. கேட்டால் “மலை” என்பார்.

இதற்கிடையில் லிப்ட் குழிக்குள் இறங்கும்போது அவருக்குக் கணுக்கால் பிசகியது. சில மாதம் ஏற்றம் இறக்கம் கூடாது என்றார் டாக்டர். பை கதவுக் கொக்கியில் தொங்கியது. போன வாரம் அதை எடுத்து என் துணிகளை அடைத்தேன். மாமா வீட்டுக்குப் போகிறேன் என்றேன். ஒன்றும் கேட்கவில்லை. “இடுப்புப் பட்டையை நல்லா இறுக்கிக் கட்டு. பாரம் தோள்ல விழக்கூடாது” என்றார். என் மனைவி மாமா வீட்டுக்குப் போக மலையேறும் பை எதற்கு என்று ஒரு மனிதருக்குக் கேட்கத் தோன்றாதா? அவர் கேட்காததுதான் எனக்கு உறுத்தியது.

அங்கே வந்தபோது உங்களோடு மேலே போகலாம் என்று நினைத்திருந்தேன். உங்கள் முழங்கால் அன்று காலையில்தான் வலிக்க ஆரம்பித்தது. இப்போது தேவலையா?

தனியாகவே போனேன். முதல் ஏற்றத்தில் அவரைத் திட்டினேன், பையைத் திட்டினேன், மன்னியுங்கள், உங்களையும் திட்டினேன். மேலே போகப் போகத் திட்ட மூச்சில்லை. அதற்குப் பிறகு நடக்க மட்டும்தான் முடிந்தது. அது நன்றாக இருந்தது, மாமா. அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் போன காரியம் என்ன!

கீழ்க் கல்வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவருக்கு அவரைத் தெரிந்திருக்கிறது.

“லிப்ட்காரரா? வருவாரே. தனியாத்தான் வருவாரு. வந்தா இந்த ஜன்னல் கொண்டியை மாட்டிக் குடுத்துட்டுப் போவாரு.”

“சிவப்புத் துணி போட்ட ஒரு பொண்ணு...?”

“ஏம்மா, இங்க துணி காயப் போடற கயிறுகூட சிவப்புல கிடையாது.”

கொண்டியை மாட்டிக் கொடுக்கிறவருக்காகப் பொய் சொல்ல மாட்டாரா? இருக்கலாம் என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
பாப்பா

*

மே 31

அன்புள்ள பாப்பாவுக்கு,

முழங்கால் பரவாயில்லை. விசாரித்ததற்குச் சந்தோஷம். அது வந்து வந்து போகிற வலி. நீ வருகிற நாட்களில் வரும் போலிருக்கிறது.

அந்தப் பெரியவர் இப்படித்தான் சொல்வார் என்று எனக்கு முன்னமே தெரியும். சொல்லாமல் விட்டது உன் பயணத்தைக் கெடுக்க வேண்டாம் என்றுதான். கல்வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே கூட்டு. வருகிறவர் போகிறவர் சங்கதியை வெளியே விட்டால் அவர்கள் பிழைப்பு என்ன ஆவது?

அதுவுமில்லாமல் நீ தேடிய இடம் தப்பு. அவள் கீழ்க் கல்வீட்டில் தங்குகிறவள் இல்லை. நான் பார்த்த அன்று டீயைக் குடித்துவிட்டு, இரண்டு பேரும் மேல் கல்வீட்டுக்குப் போகிற பாதையில் ஏறினார்கள். அதை உனக்கு எழுதியிருந்தேனே? எழுதவில்லையா? மனம் நொந்துபோவாய் என்று விட்டிருப்பேன்.

மேல் கல்வீடு வெகு தூரம். நடுவில் வழுக்குப் பாறை, ஓடை, காற்று. நானே இரண்டு தரம் யோசிக்கிற இடம். நீ போக வேண்டாம். மாமா சொல்வதை நம்பினால் போதும்.

உன் அத்தை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறாள். நிறுத்துகிறேன்.

உன் மாமா

*

ஜூலை 10

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்பும் அத்தையின் உடம்பும் நன்றாக இருக்கட்டும். எனக்கு இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துவிட்டன. மற்றபடி நலம்.

மேல் கல்வீட்டுக்குப் போய்வந்தேன். ஜூனில் ஒரு முறை, இப்போது ஒரு முறை.

சிவப்புத் துணி இல்லை. அங்கே தங்கியிருந்தவர்களிடம் கேட்டேன், விறகு கொண்டுவந்தவரிடம் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை.

முதல் தடவை எதையெல்லாம் சுமந்தேன் தெரியுமா? இரண்டு துண்டு, கண்ணாடி, பவுடர் டப்பா. அவளை நேரில் பார்த்தால் நான் நன்றாக இருக்க வேண்டும் என்று எடுத்துப் போனது. இந்தத் தடவை ஒரு துண்டு, ஒரு கரண்டி. சீப்பைக்கூடப் பாதியாக உடைத்துக்கொண்டேன். ஓடையில் காலை வைத்தால் எலும்பு வரைக்கும் சில்லென்கிறது, எடுத்தபின் கால் புதிதாக முளைத்தது மாதிரி இருக்கிறது. காலையில் பாட்டிலை ஆட்டினால் உள்ளே பனிக்கட்டி கிலுகிலுக்கிறது. வெளியே வந்தால் மேகம் காலுக்குக் கீழே கிடக்கிறது, ஓரத்தில் மட்டும் மெதுவாகக் கிழிகிறது. கடையில் நாள் முழுக்க “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா” என்று மற்றவர்களைக் கேட்கிற எனக்கு, அங்கே கேட்க யாரும் இல்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தேன். திரும்பி இறங்கும்போதுதான் அவளைத் தேடி வந்தது ஞாபகம் வந்தது.

ஞாபகம் வந்ததும் கோபம் வந்தது. இத்தனை நல்ல இடத்துக்கு அவர் வேறொருத்தியைக் கூட்டிப் போயிருக்கிறார் என்று. முன்பு அவள் இருப்பதுதான் வலித்தது. இப்போது இந்த இடத்தில் இருப்பது வலிக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். கீழ்க் கல்வீட்டுக்குக் கதவே இல்லை, மாமா. கித்தான் படுதாதான் தொங்குகிறது. நீங்கள் நீலக் கதவு என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அடையாளம் சொல்லிப் பார்த்தேன். உங்களையும் அங்கே யாரும் பார்த்ததில்லையாம்.

பதில் எழுதுங்கள்.

பாப்பா

*

ஜூலை 18

பாப்பாவுக்கு,

நலம். நலமாக இருந்தேன் என்று சொல்வதுதான் சரி. உன் கடிதம் வந்தபின் இரண்டு வேளை சாப்பிடவில்லை. (உன் அத்தை ஒரு வேளை என்பாள். நொறுக்குத் தீனியை அவள் கணக்கில் சேர்ப்பாள்.)

கதவை நான் பார்த்துவந்த பிறகு ஒரு குளிர் ராத்திரியில் கழற்றி எரித்துவிட்டார்கள். நல்ல மரம். என்னைத் தெரியவில்லை என்றார்களா? எப்படித் தெரியும்? பொதுப்பாதையில் போகிறவனா நான்? எனக்கென்று ஒரு தடம் இருக்கிறது, ஆட்டுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். தூக்கி வளர்த்த மாமாவைக் கல்வீட்டுக்காரன் பேச்சைக் கேட்டு நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறாய். கேள், கேள்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் இந்தப் பக்கத்துக்காரியே இல்லை. கணவாய்க்கு அந்தப் பக்கத்துக்காரி. கணவாயைத் தாண்டினால் இறக்கத்தில் நாலைந்து வீடுகள் இருக்கின்றன. அங்கிருந்துதான் வருவாள், அங்கேதான் போவாள். இத்தனை நாள் நீ அவளைப் பார்க்காததற்கு அதுதான் காரணம். கணவாயைத் தாண்டுகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம், தாண்டுவது லேசான காரியமும் இல்லை. ஆகவே இந்த விஷயத்தை இதோடு விட்டுவிடுவது நல்லது.

மாப்பிள்ளையின் கால் எப்படி இருக்கிறது?

மாமா

*

ஆகஸ்ட் 25

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

மாப்பிள்ளை எழுதுவது. உங்களுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். கணுக்கால் சரியாகிவிட்டது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்கா மகளைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அவள் உங்களிடம் மனம்விட்டு எழுதுவாள் என்று தெரியும். மாதம் தவறாமல் என் பையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறாள். முதலில் உங்கள் வீட்டுக்கு என்று சொன்னாள், இப்போது அதுவும் சொல்வதில்லை. வந்தால் சீட்டியடிக்கிறாள். என்ன பார்த்தாய் என்றேன். மலை என்றாள். வேறே என்றேன். வேற ஒரு மலை என்றாள். அது என் பதில், மாமா. அது எப்படிப்பட்ட பதில் என்று இப்போதுதான் தெரிகிறது. அங்கே யாரைப் பார்க்கிறாள்?

நான் ஏன் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லிப்ட் குழிக்குள் நின்று மேலே பார்த்தால் ஒரு சதுரத்துக்குத்தான் வெளிச்சம் தெரியும். மலையில் அந்தச் சதுரம் கிடையாது. அதற்காகப் போனேன். இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். முதல் தடவை படி ஏறவே மூச்சு வாங்கிய நிலையில், அவள் முன்னால் அப்படி நிற்கக் கூச்சமாக இருந்தது.

நேற்று பையைத் துடைத்தேன். இடுப்புப் பட்டையில் மூன்று தடம் இருக்கிறது. முதல் தடம் நான் தொப்பையோடு ஆரம்பித்த நாளில் விழுந்தது. இரண்டாவது, நடந்து நடந்து தொப்பை கரைந்தபின் விழுந்தது. மூன்றாவது அவளுடையது. என் தடத்தைவிட ஆழமாக இருக்கிறது. அவ்வளவு இறுக்கிக் கட்டிக்கொண்டு எங்கே போகிறாள்?

செப்டம்பர் தொடக்கத்தில் கணவாயைத் தாண்டப் போவதாகச் சொல்கிறாள். அந்த நேரத்தில் அங்கே காற்று மாறும், மேகம் இறங்கினால் பாதை தெரியாது. நான் வேண்டாம் என்றேன். “ஏன் தடுக்கறீங்க? அங்க யார் இருக்கா?” என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் வருகிறேன் என்றதற்கு, “இப்ப வர்றீங்களாக்கும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

உங்களுக்குத் தெரிந்ததைத் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருங்கள்.

செப்டம்பர் மூன்றாம் தேதி கிளம்புகிறேன். நேர் பஸ் பிடித்துவிடுவேன், வழியில் உங்கள் கடைக்கு வரமாட்டேன். உங்கள் முழங்காலுக்குச் சிரமம் வேண்டாம்.

இத்தனை மாதத்தில் அவர் என்னை ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. கணவாய் என்று சொன்ன அன்றுதான் தடுத்தார். முகம் மாறியதை என் கண்ணால் பார்த்தேன். ஆக, நீங்கள் சொன்னதுதான் சரி போலிருக்கிறது. கதவு விஷயத்தில் உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துவிடுங்கள்.

அவளைப் பார்த்துவிட்டால் நான் அந்த வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை. உங்கள் வீட்டில் சில நாள் இருக்க இடம் கொடுங்கள். வானிலை சரியில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் என்றால் அவரும்தான்.

பாப்பா

*

செப்டம்பர் 5
கீழ்க் கல்வீடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கோபித்துக்கொண்டாலும் சுகமாக இரு. நான் சுகம் இல்லை, ஆனால் உயிரோடு இருக்கிறேன். பைத்துணி வெட்ட அளவு வரைகிற தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். 

ஆமாம், கீழ்க் கல்வீட்டில்தான் இருக்கிறேன். நான் இங்கே வருவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. இது ஒன்றைத்தான் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை எனக்கு எழுதிய கடிதமும் உன் கடிதமும் மெஷின் மேலேயே கிடந்தன. இரண்டையும் உன் அத்தை எடுத்துப் படித்துவிட்டாள். முதலில் மாப்பிள்ளையுடையதை, பிறகு உன்னுடையதை, பிறகு மறுபடி மாப்பிள்ளையுடையதை. 

“இந்தச் சிவப்புத் துணி யாரு?” என்றாள்.

நான் பேசவில்லை.

“கேக்கறேன்ல?”

“போஸ்ட் பண்ணிடறேன், எல்லாத்தையும் விளக்கி...”

“அந்தப் பொண்ணு மேகத்துக்குள்ள நடந்துட்டு இருக்கு, நீங்க ஸ்டாம்ப் ஒட்டிட்டு இருங்க. ஏறுங்க மேல. இல்லன்னா நான் ஏறறேன்.”

உன் அத்தை ஏறிவிடுவாள். அது எனக்குத் தெரியும். அதனால் நான் ஏறினேன். நான் தைத்த ஒரு பையையே மாட்டிக்கொண்டேன். இத்தனை வருடம் தைக்கிறேன், அதன் வார் தோளில் எந்த இடத்தில் அறுக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் பிரித்துத் தைக்க வேண்டும். எத்தனை பேர் திட்டியிருப்பார்களோ.

கரடி வரவில்லை, பாப்பா. ஒரு முயல்கூட வரவில்லை. நான்தான் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தேன். இறங்கி வந்த ஒரு கூட்டம், “பெரியவரே, முதல் தடவையா?” என்று கேட்டது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சு இல்லாததால் உண்மை வந்துவிட்டது. “ஆமா” என்றேன். அவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

மரங்கள் முடிகிற இடம் வந்ததும் நின்றேன். எதிரே மலை, அதற்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் ஒன்று நீலமாக. எங்கள் கடை எங்கே இருக்கிறது என்று தேடினேன், தெரியவில்லை. இதைப் பற்றி எத்தனை விசேஷங்களில் எவ்வளவு பேசியிருக்கிறேன். பார்த்தபிறகு சொல்ல ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளை “மலை” என்று சொன்னாரே, அது முழுப் பதில்தான். அவர் ஒளித்தது ஒன்றுமில்லை.

பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, “யாரு நீங்க?” என்றார். உன் மாமா என்றேன். வேறு எதுவும் சொல்லிக்கொள்ள இல்லை. நீ நேற்றே மேல் கல்வீட்டுக்குப் போய்விட்டாயாம். மேகம் இறங்கியிருப்பதால் யாரையும் கணவாய்ப் பக்கம் விடவில்லையாம், ஆனால் விலகினால் முதல் ஆளாகக் கிளம்புவாய் என்று சொல்கிறார். மேலே ரொட்டி கொண்டுபோகிறவர் இங்கே டீ குடித்துக்கொண்டிருக்கிறார். டம்ளர் காலியானதும் கிளம்பிவிடுவார். அவரிடம்தான் இதைக் கொடுக்கப்போகிறேன். எனக்கு இதற்கு மேல் ஏறத் தெம்பில்லை. அது உண்மை. முழங்கால் வலியும் இன்றைக்கு உண்மை.

பட்டையில் நான் அன்று பார்த்த இரண்டு தடமும் மாப்பிள்ளையுடையதுதான். ஒரு மனிதன் இளைத்துப் போவான் என்பது, பையைப் பார்த்தே ஆளைச் சொல்கிற எனக்குத் தோன்றவில்லை. பக்கத்திலேயே இருக்கிற உனக்கும் தோன்றவில்லை. அவர் தொப்பை போனது நம் வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை. அது அவர் குற்றமில்லை. நீ யாரைப் பார்க்கப் போகிறாய் என்று அவர் அங்கே தவித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் ஒரு கடிதம் போகிறது, நான் கிளம்பும்முன் உன் அத்தை பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியது.

கணவாயைத் தாண்டாதே. காற்று மாறுகிற மாதம் இது, அதை அவர் உன்னிடம் எதையும் மறைப்பதற்காகச் சொல்லவில்லை, அக்கறையாகச் சொன்னார். அந்தப் பக்கம் பார்க்க ஆசையிருந்தால் வெயில் காலத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு போ. அந்தப் பக்கம் வீடுகள் இருக்கின்றனவா என்பதுகூட எனக்குத் தெரியாது.

ரொட்டிக்காரர் எழுந்துவிட்டார். கை துடைக்கிறார்.

அந்தச் சிவப்புத் துணிக்காரியை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் கடையை விட்டு எங்கேயும் போகவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்தபோது மெஷினில் ஒரு பைக்கு உள்துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அது சிவப்பு. அதில் ஒரு துண்டு கிழித்து, இல்லாத ஒருத்தியின் கழுத்தில் நான்தான் சுற்றினேன்.

மாமா